வாய்மொழி மரபும் சூழலியல் கல்வியும்: கண்மாய் அறிவை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சூழல் பாதுகாப்பைக் கற்பிப்பதற்கு வாய்மொழி மரபும் மரபறிவும் துணைசெய்யும் என்னும் கருத்து இன்று கல்விப்புலத்தில் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. எனினும், அம்மரபு வகுப்பறைக்குள் வரும்போது எவற்றை இழக்கிறது என்னும் வினாவும் உடன் எழுப்பப்பட வேண்டியதாகும். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்ப் பாசனத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, வாய்மொழி அறிவானது இடம், செயல், உரியவர் என்னும் மூன்றோடும் பிணைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இம்மூன்றும் நீக்கப்பட்டு வெறும் அறவுரையாக அது கற்பிக்கப்படும்போது சூழல் கல்விக்குப் பயன்படாமற் போகிறது. மரபு தன்னுள் கொண்டுள்ள சமூக ஏற்றத்தாழ்வை மறைக்காமல் எடுத்துரைப்பதும் சூழல் கல்வியின் பகுதியே என்பது இக்கட்டுரையின் துணைமுடிபாகும்.

திறவுச்சொற்கள்: வாய்மொழி மரபு, மரபறிவு, சூழலியல் கல்வி, கண்மாய், நீர்க்கட்டி, குடிமராமத்து, பழமொழி, கோயில்காடு.

முன்னுரை

ஓர் ஊரின் நீரையும் நிலத்தையும் பற்றி அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த அறிவு பெரும்பாலும் எழுத்தில் இல்லை. அது சொற்களிலும் இடப்பெயர்களிலும் பழமொழிகளிலும் கதைகளிலும் சடங்குகளிலும் தங்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை செய்யும் கைகளில் தங்கியிருக்கிறது. அந்தக் கைகள் ஓயும்போது அவ்வறிவும் ஓய்கிறது. இந்நிலையில் அதனைப் பள்ளி, கல்லூரிப் பாடங்களுக்குள் கொண்டுவந்து காக்கலாம் என்னும் எண்ணம் இயல்பாகவே எழுகிறது.

எண்ணம் நல்லதே. ஆயினும் பாடமாக மாறும்போது வாய்மொழி மரபு உருமாறுகிறது. உழவர் ஒருவர் தம் மகனிடம் வயலில் நின்று சொல்லும் சொல்லும், அதே சொல் ‘முன்னோர் அறிவுரை’ என்னும் தலைப்பின்கீழ் அச்சில் வருவதும் ஒன்றல்ல. முன்னது ஒரு முடிவை எடுக்க உதவுகிறது. பின்னது மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற உதவுகிறது. இந்த உருமாற்றத்தின் தன்மையை ஆராய்வதும், இழப்பைக் குறைக்கும் கற்பித்தல் நெறிகளைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கல்வித்திட்டங்களில் சூழலும் மரபறிவும்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சூழல் விழிப்புணர்வைக் கல்வியின் பல்வேறு நிலைகளிலும் வலியுறுத்தியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு பணித்தது. 2003இல் அதனை நடைமுறைப்படுத்துமாறு மீண்டும் ஆணையிட்டது. இளங்கலை வகுப்புகளில் சூழலியல் ஒரு பொதுத்தாளாக இடம்பெற்றதன் பின்னணி இதுவே. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு மாணவர் வாழும் இடத்தையே கற்றல் களமாகக் கொள்ளும் பார்வையை முன்வைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பழங்குடியினர் அறிவு உள்ளிட்ட இந்திய அறிவு மரபுகள் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்கிறது.

ஆக, கொள்கை அளவில் கதவு திறந்தே இருக்கிறது. அக்கதவின் வழியே உள்ளே வருவது எது என்பதே வினா. இதுவரை இரண்டு போக்குகள் மேலோங்கியுள்ளன. முதலாவது போற்றும் போக்கு. ‘நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்’ என்னும் பொதுத்தொடரில் இது தொடங்கி, சில பழமொழிகளை அடுக்கி, ‘நாமும் அவ்வாறு வாழ வேண்டும்’ என்னும் அறவுரையில் முடியும். இரண்டாவது, அறிவியல் முலாம் பூசும் போக்கு. ஒவ்வொரு சடங்குக்கும் வழக்கத்துக்கும் இன்றைய அறிவியலில் ஒரு விளக்கத்தைத் தேடிப் பொருத்தி, ‘இதனை அன்றே அறிந்திருந்தனர்’ என்று நிறுவ முனைவது இதன் இயல்பு. இவ்விரண்டு போக்குகளும் மரபின்மீது மதிப்புக் கொண்டவை போலத் தோன்றினும், மரபை அறிவாக நடத்துவதில்லை. அறிவு என்றால் அதற்கு எல்லை உண்டு. பிழை நேரவும் இடமுண்டு. அதைச் சரிபார்க்கும் வழியும் உண்டு. போற்றுதலும் முலாம் பூசுதலும் இவற்றுக்கு இடம் தருவதில்லை.

மரபறிவு: கோட்பாட்டு நோக்கு

மரபுச் சூழலறிவைக் குறித்து விரிவாக ஆராய்ந்த ஃபிக்ரெட் பெர்க்கஸ் 1999இல் வெளிவந்த தம் நூலில் அதனை அறிவு, நடைமுறை, நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய தொகுப்பாக வரையறுக்கிறார். மூன்றில் ஒன்றைமட்டும் பிரித்தெடுத்தால் ஏனையவை பொருளிழக்கும் என்பது இவ்வரையறையின் உட்கிடை. வால்டர் ஓங் 1982இல் எழுதிய நூலில், வாய்மொழிப் பண்பாடுகளில் அறிவு மனித வாழ்வுலகிலிருந்து விலகிய அருவமாக நிற்பதில்லை என்றும், செய்யும் தொழிலோடும் சூழ்நிலையோடும் ஒட்டியே நிற்கிறது என்றும் விளக்குகிறார்.

இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது அருண் அகர்வாலின் 1995ஆம் ஆண்டுக் கட்டுரை. மரபறிவு, அறிவியல் அறிவு என்னும் இருமைப் பிரிவே உறுதியான அடிப்படை அற்றது என்பது அவர் வாதம். மரபறிவை அதன் மக்களிடமிருந்து பெயர்த்தெடுத்து ஆவணக் காப்பகங்களில் சேமிப்பதால் அது பாதுகாக்கப்பட்டுவிடாது என்றும் அவர் எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை பாடநூலுக்கும் பொருந்தும். பாடநூலும் ஒருவகையில் காப்பகமே. இக்கருத்துகளின் ஒளியில் கண்மாய் அறிவை நோக்கும்போது, இடம், செயல், உரியவர் என்னும் மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன.

சொல்லே செயலாதல்: கண்மாய்ச் சொற்கள்

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளதாக அரசுக் கணக்குகள் குறிக்கின்றன. வட மாவட்டங்களில் ஏரி எனப்படுவது வைகை, குண்டாறு வடிநிலங்களில் கண்மாய் எனப்படுகிறது. இங்கு ஒரு கண்மாயின் மிகைநீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லும் வகையில் அவை தொடராக அமைந்துள்ளன. இத்தொடரை இயக்குவதற்குத் தேவையான அறிவு, வரத்துக்கால், நீர்ப்பிடி, உள்வாய், கரை, அலைகல், மடை, குமிழி, கலிங்கு, மறுகால், ஆயக்கட்டு, கரம்பை முதலிய சொற்களில் அடங்கியுள்ளது.

இவற்றைப் பொருளோடு தொகுத்துத் தருவதுடன் பாடம் நின்றுவிடுமானால், அது கலைச்சொற்பட்டியலாகவே எஞ்சும். உண்மையில் இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு முடிவைச் சுமந்து நிற்கிறது. கலிங்கை எடுத்துக்கொள்ளலாம். கண்மாயில் எவ்வளவு நீர் நிற்கலாம் என்பதைக் கலிங்கின் உயரம் தீர்மானிக்கிறது. அதன்மீது மண்மூட்டைகளை அடுக்கி உயர்த்தினால் ஆயக்கட்டு உழவருக்குக் கூடுதல் நீர் கிடைக்கும். அதே வேளையில் உள்வாயை ஒட்டிய நிலங்கள் மூழ்கும். மறுகால் பாயும் நாள் தள்ளிப்போவதால் கீழ்க்கண்மாய் ஊருக்கு நீர் குறையும். பெருமழை பெய்தால் கரைக்கே கேடு வரும். ஆகவே கலிங்கு என்பது ஒரு கட்டுமானத்தின் பெயர் மட்டுமன்று. மேலூர், கீழூர் ஆகிய இரண்டுக்கும் இடையிலான உடன்பாட்டின் பெயருமாகும். இதனை உணர்ந்த மாணவர், நீர்ப்பங்கீடு என்றால் என்னவென்பதை எந்த வரையறையையும்விடத் தெளிவாக அறிவார்.

கரம்பையும் அத்தகையதே. கோடையில் கண்மாயின் உட்பகுதியில் படிந்த வண்டலை வெட்டி வண்டிகளில் ஏற்றி வயலுக்கு அடித்த வழக்கம் இருவகைப் பயன் தந்தது. வயல் உரம் பெற்றது. கண்மாய் கொள்ளளவை மீட்டது. வேதியுரப் பரவலும் மண் எடுப்பதற்கான அனுமதி நடைமுறைகளும் இவ்வழக்கத்தைத் தளர்த்தியபோது இரண்டு பயன்களும் ஒருங்கே குறைந்தன. ஆனால் எவ்வளவு வெட்டலாம் என்பதற்கும் இவ்வறிவில் வரம்பு உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளமாக்கினால் அதில் தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது; களிப்படிவு முற்றிலும் அகற்றப்பட்டால் நீர் விரைந்து கசிந்துவிடக்கூடும். ‘தூர்வாருதல் நன்று’ என்னும் பொதுவாசகம் இந்த வரம்பைச் சொல்வதில்லை. வெட்டும் இடத்தில் நின்று வழிகாட்டியவரே அதனை அறிவார்.

கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, ஒரு நிலப்பகுதியின் வாழ்வை அதன் சொற்கள்வழி பதிவுசெய்யும் முயற்சிக்குத் தக்க முன்மாதிரியாகும். அத்தகைய தொகுப்பைத் தொடக்கமாகக் கொண்டு, ஒவ்வொரு சொல்லின் பின்னும் உள்ள வேலையை மாணவர் தேடிச்செல்லுமாறு செய்வதே ஆசிரியரின் பணியாகும்.

பழமொழியின் எல்லை

வேளாண் பழமொழிகளுள் யாவரும் அறிந்தது ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது. பருவமறிந்து பயிர்செய்தல் என்னும் கருத்தை விளக்க இது பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆயினும் இது தமிழகம் முழுமைக்கும் ஒரேபடியாகப் பொருந்துவதன்று. தென்மேற்குப் பருவமழையாலும் அம்மழையால் ஆற்றில் வரும் நீராலும் பயன்பெறும் பகுதிகளுக்கு ஆடி விதைப்பு இசைவானது. இராமநாதபுரம் பகுதியோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே சார்ந்தது. அங்கு ஆவணி, புரட்டாசி மாதங்களில் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக நெல்லை விதைத்து மழைக்குக் காத்திருப்பர். கோவில்பட்டியை ஒட்டிய கரிசல் நிலத்திலும் மானாவாரிப் பயிருக்குப் புரட்டாசிப் பட்டமே பெரிதாகக் கொள்ளப்படுகிறது.

இதனால் பழமொழி பிழையென்று ஆகிவிடாது. அது பிறந்த இடத்தின் மழையோடும் மண்ணோடும் சேர்த்துப் படிக்கப்பட வேண்டும் என்பதே பெறப்படும் கருத்தாகும். இராமநாதபுரத்து மாணவர் ஒருவர் தம் பாட்டனார் ஆடியில் விதைப்பதில்லை என்று சொன்னால், அது பாடத்துக்கு மாறான விடையன்று. பாடத்தின் உயிர்நாடியே அதுதான். ஒரே பழமொழி எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை, ஏன் என்று மாணவர் ஆராயும்போது இரு பருவமழைகளின் போக்கும் மண்வகைகளின் இயல்பும் அவருக்குப் புலனாகின்றன.

வாய்மொழி மரபு அறியாதவையும் உள. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம், இன்று கண்மாய்களின் உள்வாயிலும் வரத்துக்கால்களிலும் அடர்ந்து நிற்கிறது. இம்மரத்தைக் கையாள வழிகாட்டும் பழமொழி எதனையும் பழைய மரபில் எதிர்பார்க்க இயலாது. நீர்வரத்தைத் தடுக்கும் அதே மரம், கரிமூட்டம் போட்டு வாழும் வறிய குடும்பங்களுக்குப் பிழைப்பாகவும் இருக்கிறது. இத்தகைய புதிய சிக்கல்களில் மரபறிவும் அறிவியலும் மக்களின் இன்றைய அனுபவமும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

சடங்கும் தடையும்

கண்மாய்க் கரைகளில் அய்யனார், கருப்பசாமி முதலிய காவல் தெய்வங்களின் கோயில்கள் அமைந்திருப்பது இப்பகுதியின் பொதுவழக்கு. கோயிலைச் சூழ்ந்த காட்டில் மரம் வெட்டக் கூடாது, விறகும் எடுக்கக் கூடாது என்னும் தடைகள் பல ஊர்களில் உள்ளன. மாதவ் காட்கிலும் வர்த்தக்கும் 1970களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மராட்டியப் பகுதியில் மேற்கொண்ட ஆய்வுகளுக்குப் பின் கோயில்காடுகளின் சூழல் மதிப்பு அறிவுலகில் பரவலாக உணரப்பட்டது. தமிழக அரசு அண்மையில் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காட்டைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது.

கோயில்காட்டைக் கற்பிக்கும்போது முலாம் பூசும் போக்கு எளிதில் நுழைந்துவிடுகிறது. ‘பல்லுயிரைக் காப்பதற்காகவே முன்னோர் தெய்வ அச்சத்தை ஏற்படுத்தினர்’ என்பது அடிக்கடி கூறப்படும் விளக்கம். தடையின் விளைவாகப் பல்லுயிர் காக்கப்பட்டது என்பது வேறு. காக்கும் நோக்குடனேயே தடை விதிக்கப்பட்டது என்பது வேறு. முன்னதற்குக் களச்சான்று கிடைக்கும்; பின்னது ஊகமாகும். வழிபடுவோரின் நம்பிக்கையை வெறும் உத்தியாகச் சுருக்குவது அவர்களுடைய அறிவுலகை மதிப்பதாகாது.

முளைப்பாரியும் இவ்வகையில் நோக்கத்தக்கது. பெண்கள் தானியங்களை ஓட்டிலோ மண்கலத்திலோ இட்டு முளைக்கவைத்து, கும்மி கொட்டி, ஊர்வலமாகச் சென்று நீர்நிலையில் கரைக்கும் இச்சடங்கை விதையின் முளைப்புத்திறன் சோதனை என்று விளக்குவது இன்று பரவலாகியுள்ளது. இதனை முடிந்த உண்மையாகக் கற்பிப்பதைவிட வினாவாக மாற்றுவது பயனுடையது. முளைப்பாரிக்குரிய தானியம் விதைக்கென வைத்த இருப்பிலிருந்து எடுக்கப்பட்டதா? முளை நலிந்தால் அவ்விதை ஒதுக்கப்பட்டதா? சடங்கு நிகழ்ந்த மாதம் விதைப்புக்கு முந்தியதா? ஊரின் மூத்த பெண்களிடம் மாணவர் இவற்றைக் கேட்டறியும்போது, விடை எதுவாயினும் அவர் ஓர் ஆய்வைச் செய்து முடித்திருப்பார்.

தடை என்பது பழமையிலிருந்து மட்டுமே வருவதன்று என்பதற்குச் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி சிறந்த சான்றாகும். 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இப்பகுதிக் கண்மாய்களை உள்ளடக்கியது. நாரை முதலிய நீர்ப்பறவைகள் மழைக்காலத்தில் இங்கு வந்து கூடுகட்டுகின்றன. அவை அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்பதற்காக இவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசு அண்மைக்காலப் பொருள். ஆகவே இக்கட்டுப்பாடும் தொல்பழங்காலத்ததன்று. தங்கள் கண்மாயில் தாங்கள் கண்டதை அடிப்படையாகக் கொண்டு ஓர் ஊர் புதிதாக உருவாக்கிப் பிள்ளைகளிடம் கையளித்த வழக்கம் இது. மரபு என்பது எஞ்சிய பழமை மட்டுமன்று, தொடர்ந்து ஆக்கப்படுவதும் ஆகும் என்பதை மாணவர் உணர இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மறைக்கப்படும் பக்கம்: நீர்க்கட்டியும் குடிமராமத்தும்

கண்மாய் அறிவை உண்மையில் சுமந்தவர் யார் என்னும் வினா இங்கு எழுகிறது. மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டு, மழைநாளில் இரவுமுழுதும் கரையைக் காத்தவர் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர் என்று இடத்துக்கேற்ப அழைக்கப்பட்டனர். பல ஊர்களில் இவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். அறுவடையில் நெல்லாகக் கூலி பெற்றவர்கள். பலருக்குத் தாங்கள் நீர்பாய்ச்சிய ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லை. எவருடைய வயலுக்கும் சாயாமல் நீரைப் பங்கிடும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆனால் அப்பொறுப்புக்கு ஈடான சமூக மதிப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

மடை திறந்தவரைக் குறித்த ‘மடையர்’ என்னும் சொல்லே பின்னர் வசைச்சொல்லாகத் திரிந்தது என்னும் விளக்கம் இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மடமை என்னும் பொருளுடைய ‘மட’ என்னும் அடியிலிருந்தும் அவ்வசைச்சொல்லைப் பெற இடமிருப்பதால், இவ்விளக்கத்தை ஐயத்துக்கிடமற்ற சொல்வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் அக்கதை ஏன் இவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பது எண்ணத்தக்கது. உயிரைப் பணயம் வைத்து வெள்ளத்தில் மூழ்கி மடை திறந்தவர்களுக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்னும் உணர்வு அக்கதைக்குள் இருக்கிறது. வாய்மொழிச் சான்றைத் திறனாய்வோடு அணுகுதல் என்பது அதனைப் புறந்தள்ளுவதன்று. அது எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்று பிரித்தறிவதாகும்.

குடிமராமத்தும் அவ்வாறே. ஊரார் கூடித் தம் நீர்நிலையைத் தாமே செப்பனிட்ட பொற்கால வழக்கமாக இது பாடங்களில் சித்திரிக்கப்படுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வுழைப்பைச் சட்டத்தால் வலிந்து பெற முயன்றது. இதற்கு முந்திய காலத்திலும் யார் மண்சுமந்தனர், யார் மேற்பார்வை செய்தனர் என்பது சாதிப்படிநிலையோடு தொடர்புடையதாகவே இருந்தது. சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003இல் வெளிவந்த தம் நூலில், தன்னாட்சி பெற்ற சமத்துவக் கிராமச் சமூகம் கண்மாய்களைப் பேணியது என்னும் சித்திரிப்பை மறுத்து, கண்மாய்ப் பராமரிப்பு ஆட்சியதிகாரத்தோடும் கோயில் மரியாதையோடும் சாதி மேலாண்மையோடும் பின்னியிருந்ததைக் காட்டுகிறார்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழைய பெயர் மீள்வதால் மட்டும் பழைய பொறுப்புணர்வு மீள்வதில்லை. யார் முடிவெடுக்கிறார், யார் உழைக்கிறார், யார் பயன்பெறுகிறார் என்னும் மூன்று வினாக்களைப் பழைய குடிமராமத்தின்மீதும் புதிய திட்டத்தின்மீதும் ஒருசேர எழுப்பும் பயிற்சியே மாணவருக்குத் தேவை. இந்த வினாக்களைத் தவிர்த்துவிட்டு மரபைக் கற்பித்தால், நீர்க்கட்டியின் பேரன் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் அவனுடைய பாட்டனாரின் அறிவு ‘நம் முன்னோர்’ என்னும் பொதுப்பெயருக்குள் கரைந்துபோகும். அவர் பட்ட இழிவும் உடன் மறைந்துபோகும்.

அறிவும் உரியவரும்: இருளர் சான்று

உரியவரோடு சேர்ந்து வாழும் அறிவு எவ்வாறு நிலைபெறுகிறது என்பதற்குக் கண்மாய்ப் பகுதிக்கு வெளியிலிருந்து ஒரு சான்று துணைசெய்கிறது. செங்கல்பட்டுப் பகுதியின் இருளர்கள் பாம்பின் தடத்தையும் வளையையும் கண்டறிவதில் தேர்ந்தவர்கள். பாம்புத்தோல் வணிகத்தைச் சார்ந்திருந்த அவர்கள் வாழ்வு, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அதே அறிவை நஞ்சு எடுக்கும் தொழிலாக மாற்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சு எடுக்கப்பட்டு, பாம்புகள் மீண்டும் காட்டில் விடப்படுகின்றன. அந்த நஞ்சிலிருந்தே பாம்புக்கடி முறிமருந்து ஆக்கப்படுகிறது. 2023இல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இருளரின் அறிவு நூலில் எழுதப்பட்டதால் மட்டும் நிலைபெறவில்லை. அது பிழைப்பாகவும் மதிப்பாகவும் அவர்களிடமே தங்கியதால் நிலைபெற்றது. கண்மாய் அறிவுக்கு இத்தகைய மாற்று வாய்க்கவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, ஆயக்கட்டு சுருங்கி, நெல்லாகத் தந்த கூலி நின்றபோது நீர்க்கட்டியின் பிள்ளைகள் வேறு வேலை தேடிச் சென்றனர். சாதியால் சுமத்தப்பட்ட வேலையிலிருந்து அவர்கள் விலகியதை இழப்பு என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. இழப்பு அறிவுக்கு, விடுதலை மனிதருக்கு. இந்த இரட்டை உண்மையை எதிர்கொள்ளாத சூழல் கல்வி, மரபைக் காப்பதன் பெயரால் பழைய படிநிலையையே மீண்டும் போற்ற நேரும்.

கற்பித்தல் நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கற்பித்தல் ஒரு குறிப்பிட்ட நீர்நிலையிலிருந்து தொடங்க வேண்டும். வரத்துக்கால் தொடங்கி மறுகால் வரை மாணவர் நடந்துசென்று, ஒவ்வோரிடத்துக்கும் ஊரார் வழங்கும் பெயரைக் குறித்து, அதனைக் கிராம நில அளவை வரைபடத்தோடு ஒப்பிடுதல் நலம். ஊரார் ‘ஓடை’ என்று சுட்டும் இடம் வரைபடத்தில் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது, இன்று அங்கு என்ன இருக்கிறது என்பன ஆக்கிரமிப்புகளையும் வெளிப்படுத்தும்.

இரண்டாவது, ஒரு மழைப்பருவம் முழுவதும் பாடம் நீள வேண்டும். புரட்டாசியில் வரத்துக்காலின் நிலை, ஐப்பசியில் நீர்மட்டம், மார்கழியில் பாசனம், பங்குனியில் எஞ்சிய நீர் ஆகியவற்றை மாணவர் பதிவுசெய்து, மூத்தோர் கூறும் குறிகளோடு ஒப்பிடலாம். எறும்பின் நடமாட்டத்தைக் கொண்டு மழையைக் கணிக்கும் வழக்கம் எத்தனை முறை பொருந்தியது, எத்தனை முறை பொருந்தவில்லை என்று எண்ணிப் பார்ப்பது மரபை அவமதிப்பதாகாது. மரபை உருவாக்கியவர்களும் அவ்வாறு பார்த்துப் பார்த்தே அறிந்தனர்.

மூன்றாவது, அறிவுக்குரியவர் தகவலாளராக மட்டும் நடத்தப்படக் கூடாது. நீர்க்கட்டியோ முளைப்பாரி வளர்க்கும் பெண்ணோ வகுப்பறையில் ஆசிரியராக நின்று பேச வேண்டும். அதற்குரிய மதிப்பூதியமும் பெற வேண்டும். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சிகள் பேண வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு மாணவர் திரட்டும் செய்திகள் துணையாகலாம். ஆனால் சொன்னவரின் இசைவும் பெயர்க்குறிப்பும் இன்றி எதுவும் பதிவேறலாகாது. 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் பல்லுயிர் சார்ந்த மரபறிவின்மீது வனவாழ் மக்களுக்குச் சமூக உரிமையை ஏற்கிறது. களப்பணிக்குச் செல்லும் மாணவர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நான்காவது, தேர்வுமுறை மாற வேண்டும். ‘நீர்மேலாண்மை குறித்த பழமொழிகள் ஐந்தினை எழுதுக’ என்னும் வினா நினைவாற்றலையே சோதிக்கும். ‘கலிங்கை ஒரு முழம் உயர்த்த ஊர்க்கூட்டம் முடிவுசெய்கிறது, இதனால் நன்மையும் தீமையும் அடைவோர் யாவர்?’ என்னும் வினா அறிவைச் சோதிக்கும். அதற்கு விடையெழுதும் மாணவர் நீரியலையும் அறத்தையும் ஒருங்கே கற்றவராவார்.

முடிவுரை

வாய்மொழி மரபைச் சூழல் கல்வியில் பயன்படுத்துதல் தேவையானது, ஆனால் எளிதானதன்று. இடத்திலிருந்து பிரிக்கப்பட்ட பழமொழி, பொருந்தாத நிலத்துக்கும் விதியாகிவிடுகிறது. செயலிலிருந்து பிரிக்கப்பட்ட சொல் வெறும் பட்டியலாகிறது. உரியவரிடமிருந்து பிரிக்கப்பட்ட அறிவு, யாருக்கும் கடன்படாத பொதுப்பெருமையாகிறது. கண்மாய்ச் சான்று இம்மூன்று இழப்புகளையும் ஒருங்கே காட்டுகிறது. கொள்ளுக்குடிப்பட்டியும் இருளர் கூட்டுறவும் மாற்று வழிகள் உள்ளன என்பதைக் காட்டுகின்றன.

மரபைப் போற்றுவதும் அதற்கு அறிவியல் முலாம் பூசுவதும் அதனைக் காப்பதாகாது. அதன் எல்லையைச் சோதித்து, அதன் குறையைச் சொல்லி, அதனை ஆக்கியவரின் பெயரை அதனோடு சேர்த்து வழங்குவதே அதனை அறிவாக மதிப்பதாகும். கண்மாய்க் கரையில் இன்னும் நினைவோடு இருக்கும் நீர்க்கட்டிகள் பலரும் முதியவர்கள். அவர்களிடம் கேட்டறிய வேண்டிய வினாக்களை மாணவர் கையில் கொடுப்பதற்குக் கிடைத்திருக்கும் காலம் குறுகியது. சூழல் பாடத்தின் அடுத்த திருத்தம் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.